தீயில வெள்ளி நானோ பவுடர் பண்றது எப்படி: எஃப்எஸ்பி ரிக்ல முதல் ரன் போடப்போறவங்களுக்கு

எஃப்எஸ்பி ரிக் முன்னாடி முதல் தடவ நிக்கிறவங்க எல்லாரும் தீயத்தான் பாப்பாங்க. நானும் அப்படித்தான் நின்னேன். நாசில்லேருந்து, அதான் பர்னரோட முனையிலேருந்து, சீறிக்கிட்டு மேல போற அந்தச் சுடர், மேல ஃபில்டர்ல பனி மாதிரி படியிற பவுடர், பாக்க நல்லாத்தான் இருக்கும், வீடியோ எடுக்கத் தோணும். ஆனா அந்தத் தீ எரியிறது மொத்தமே பத்து நிமிஷம். உங்க பவுடர் நல்லா வருமா சொதப்புமாங்கிறது அதுக்கு முன்னாடியே, நீங்க கலக்கி வச்ச பாட்டில்லயே பாதிக்கு மேல முடிவாயிடுது. இத யாரும் எனக்கு முதல்லயே சொல்லல, அதனால மூணு வாரம் வீணாப்போச்சு. அந்த மூணு வாரத்த உங்களுக்கு மிச்சம் பண்ணத்தான் இத எழுதுறேன்.

எஃப்எஸ்பின்னா ஃப்ளேம் ஸ்ப்ரே பைராலிசிஸ். உலோகம் இருக்கிற ஒரு சேர்மத்த, அதான் ப்ரிகர்சர், எரியக்கூடிய கரைப்பான்ல கரைச்சு, மெல்லிசான குழாய் வழியா தள்ளி, ஆக்சிஜனால தூறலா உடைச்சு, பத்த வைக்கிறது. துளி எரிஞ்சு ஆவியாகும், ஆவிலேருந்து உலோகமோ ஆக்சைடோ சின்னச் சின்னத் துகளா திரளும், எல்லாம் மில்லிசெகண்டுல நடந்து முடிஞ்சிடும். 1977ல போலந்து ஆளுங்க அலுமினியம் அசிட்டைல்அசிட்டோனேட்ட இப்படி எரிச்சு அலுமினா பண்ணாங்க. அப்புறம் சூரிச்ல ஈடிஹெச் பல்கலைக்கழகத்துல பிராட்சினிஸ் குழு இத இன்னைக்கு எல்லா லேப்லயும் பாக்குற வடிவத்துக்குக் கொண்டுவந்தாங்க, அங்கேருந்து போன மேட்லர் ஜெர்மனில பிரெமன்ல துளிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒத்தத் துளியத் தனியா எரிச்சே பாத்தாங்க. யோசிச்சா புதுசும் இல்ல, நம்ம வீட்ல விளக்கெண்ணெய் விளக்குக்கு மேல தட்டக் கவுத்து வச்சு கரி பிடிச்சு கண்மை பண்ணுவாங்கல்ல, அந்தக் கரியும் தீயில பிறந்த நானோ துகள்தான். எண்ணெய்க்குள்ள உலோகத்தக் கரைச்சுட்டா எஃப்எஸ்பி, அவ்ளோதான்.

முதல் ரன்னுக்கு என்ன உலோகம் எடுக்கிறது? வெள்ளி எடுங்க. காரணம் இருக்கு. தீக்குள்ள ஆக்சிஜன் கொட்டிக் கிடக்கு, சாதாரண உலோகம் எல்லாம் அதுல ஆக்சைடா மாறித்தான் வெளிய வரும், ஜிங்க் போட்டா ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் போட்டா டைட்டானியா. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் வகையறா அப்படி இல்ல, அந்தச் சூட்டுல அதுங்களோட ஆக்சைடு நிலைக்காது, உடைஞ்சு உலோகமாவே வந்துடும். அதனால சாதாரண ஆக்சிஜன் தீயிலயே உலோகத் துகள் கிடைக்கும். காப்பர், கோபால்ட், நிக்கல் உலோகமா வேணும்னா கதையே வேற, மொத்த பர்னரையும் நைட்ரஜன் நிரப்பின பெட்டிக்குள்ள வச்சு, ஆக்சிஜனக் கொறச்சு எரிக்கணும். 2006 வாக்கில ஈடிஹெச்ல ஸ்டார்க் குழு காப்பருக்கும் கோபால்ட்டுக்கும் கார்பன் தோல் போர்த்தி இப்படிப் பண்ணிக் காமிச்சாங்க. ஆனா அதுல பெட்டிக்குள்ள ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சேரும், தோல் சரியா போர்த்தாத பவுடர காத்துல தொறந்தா தானா பத்திக்கவும் செய்யும். முதல் வருஷத்துல அந்தப் பக்கமே போகாதீங்க.

சரி, வெள்ளி மட்டும் தனியா எரிச்சா துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாயிடும். அதனால சிலிக்காவத் தாங்கலா சேர்த்து எரிப்பாங்க. தீயில சிலிக்கா முதல்ல திரண்டு வலை மாதிரி நிக்கும், வெள்ளி 2162 டிகிரில கொதிக்கிற சரக்கு, அது ஆவியாவே கொஞ்ச தூரம் போயி, ஆறும்போது அந்த சிலிக்கா மேல பொட்டுப் பொட்டா படியும். பொட்டுக்குப் பொட்டு இடைவெளி இருக்கிறதால சின்னதாவே நின்னுடும்.

இப்ப பாட்டிலுக்கு வருவோம், இங்கதான் நிதானமா படிங்க. நம்ம குறி 10 சதவீதம் வெள்ளி, 90 சதவீதம் சிலிக்கா, எடைக் கணக்குல. சொல்யூஷன் 50 மி.லி., மொத்த உலோக அளவு லிட்டருக்கு அரை மோல், வெள்ளியும் சிலிக்கானும் சேர்த்து. அப்போ 25 மில்லிமோல். எடை விகிதம் ஒண்ணுக்கு ஒன்பதுன்னா மோல் கணக்குல வெள்ளி ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, அதாவது 1.46 மில்லிமோல், மீதி 23.54 சிலிக்கான். வெள்ளிக்கு சில்வர் அசிட்டேட், மூலக்கூறு எடை 166.9, ஆக 0.243 கிராம். சிலிக்கானுக்கு ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்சேன், சுருக்கமா ஹெச்எம்டிஎஸ்ஓ, இதுல ஒரு மூலக்கூறுக்கு ரெண்டு சிலிக்கான் இருக்கு, இத மறந்துட்டு டபுளா ஊத்தினவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன். பாதியா வகுத்தா 11.77 மில்லிமோல், 1.91 கிராம், அளந்து ஊத்தினா 2.5 மி.லி. எல்லாம் எரிஞ்சா வரவேண்டிய பவுடர் 1.57 கிராம். இந்த நம்பர நோட்டுல எழுதி வைங்க, கடைசில எவ்ளோ கையில வந்துச்சுன்னு பாக்க இதுதான் அளவுகோல்.

கரைப்பான் 2-எத்தில்ஹெக்ஸனாயிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் சரிபாதி. ஏன் இந்த ஜோடின்னு கேக்கணும் நீங்க. தண்ணில நைட்ரேட்டக் கரைச்சு அடிச்சா என்ன, விலை கம்மிதானே? அடிக்கலாம், ஆனா துளி வெளிப்பக்கம் காஞ்சு ஓடு கட்டிக்கும், உள்ள காலி, மைக்ராஸ்கோப்ல பாத்தா உடைஞ்ச முட்டை ஓடு மாதிரி பெரிய பெரிய கோளம் தெரியும், அது நானோ இல்ல. 2005ல ஒரு கணக்குப் போட்டு சொன்னாங்க: கரைப்பானோட கொதிநிலை ப்ரிகர்சர் உருகுற இல்ல சிதையிற வெப்பநிலையவிட கொஞ்சம் மேல இருக்கணும், கெல்வின்ல ரெண்டையும் வகுத்தா 1.05க்கு மேல வரணும், தீயோட எரிசக்தியும் ஒரு கிராம் வாயுவுக்கு 4.7 கிலோஜூலுக்கு மேல இருக்கணும், அப்பதான் ஓடு இல்லாம ஒரே சீரான துகள் வரும். எத்தில்ஹெக்ஸனாயிக் அமிலம் 228 டிகிரில கொதிக்குது, எரிஞ்சா நல்ல சூடும் தருது, அதனாலதான் எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க. நாத்தம் மட்டும் தாங்காது, கெட்டுப்போன வெண்ணெயும் வேர்வையும் சேர்ந்த மாதிரி, சட்டையில பட்டா வீடு வரைக்கும் கூடவே வரும்.

கரைக்கிறது எப்படின்னா, சில்வர் அசிட்டேட்ட எடை போட்டு பாட்டில்ல கொட்டுங்க, 23 மி.லி. அமிலமும் 23 மி.லி. அசிட்டோநைட்ரைலும் ஊத்துங்க, காந்தக் கிளறி போட்டு மூடி சுத்த விடுங்க. வெளிச்சம் படாம அலுமினிய ஃபாயில் சுத்திடுங்க. ரூம் சூட்டுல கரையலன்னா லேசா சூடு காட்டலாம், அசிட்டோநைட்ரைல் 82 டிகிரில கொதிக்கும், அதுக்கு ரொம்பக் கீழயே நிறுத்துங்க, ஹாட் பிளேட் ஃப்யூம் ஹூட்டுக்குள்ள, அதான் புகைய இழுக்கிற அலமாரிக்குள்ளதான் இருக்கணும். முழுசா கரைஞ்சு, சொல்யூஷன் ஆறினதுக்கு அப்புறம்தான் ஹெச்எம்டிஎஸ்ஓ ஊத்தணும், சூட்டுல ஊத்தினா அது பாட்டுக்கு ஆவியாப் போகும், பத்திக்கிற ஆபத்தும் ஜாஸ்தி. கடைசியா அதே கரைப்பான் ஜோடியால 50 மி.லி.க்கு நிரப்புங்க.

கரைஞ்சிடுச்சான்னு எப்படித் தெரியும்? பாட்டில டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிங்க, சாச்சுப் பாருங்க, அடியில ஒரு ஓரமா வெள்ளையா மாவு மாதிரி நகர்ந்துச்சுன்னா கரையல. எனக்கு முதல் தடவ நகர்ந்துச்சு, "பரவால்ல, தீயில எரிஞ்சிடும்"னு எடுத்துட்டுப் போயிட்டேன். மூணாவது நிமிஷம் தீ பட் பட்டுனு வெடிச்சு வெடிச்சு எரிய ஆரம்பிச்சுது, அப்புறம் சிரிஞ்ச் பம்ப் ஸ்டால்னு கத்துச்சு, நாசிலோட உள்குழாய் வெறும் 0.4 மி.மீ. தான், அடைச்சுக்கிச்சு. அன்னைக்கு மத்தியானம் பூரா மெல்லிசு கம்பி விட்டு நோண்டிக்கிட்டு இருந்தேன். அன்னையிலேருந்து 0.45 மைக்ரான் டெஃப்லான் ஃபில்டர்ல வடிக்காம எதையும் பம்ப்ல ஏத்துறதில்ல. வடிக்கும்போது ஃபில்டர்ல நிறைய தங்குச்சுன்னா உங்க கான்சென்ட்ரேஷன் கணக்கு பொய்யாயிடுச்சுன்னு அர்த்தம், திரும்பக் கரைங்க, வேற வழியில்ல.

சிரிஞ்ச் விஷயம் ஒண்ணு. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ரப்பர் முனை வச்ச பிளாஸ்டிக் சிரிஞ்ச வாங்கிட்டு வந்து மாட்டாதீங்க. கரைப்பான் பட்டா ரப்பர் உப்பும், பிஸ்டன் இறுகும், பம்ப் அஞ்சு மி.லி.ன்னு காட்டும், வர்றது வேற ஏதோ இருக்கும், தீ ஏறி இறங்கி ஆடும். சைலீன் மாதிரி கரைப்பான்ல இது இன்னும் மோசம். கண்ணாடி சிரிஞ்சுதான் சரி, விலை ஜாஸ்தின்னு கைட் முகம் சுளிப்பாரு, கேட்டு வாங்கிடுங்க.

கைக்கு என்ன போடுறதுங்கிறத இங்கயே சொல்லிடுறேன். மெல்லிசு நைட்ரைல் கிளவுஸ்ல அசிட்டோநைட்ரைல் சில நிமிஷத்துலயே ஊடுருவிடும், துளி பட்டா உடனே கழட்டி மாத்துங்க, ஊத்துற வேலைக்கு பியூட்டைல் கிளவுஸ் இருந்தா நல்லது. எத்தில்ஹெக்ஸனாயிக் அமிலம் கருவுக்குக் கேடு பண்ணலாம்னு வகைப்படுத்தின சரக்கு, லேப்ல யாராவது மாசமா இருந்தா அவங்க இந்த வேலையத் தொடவேண்டாம். பவுடர் பக்கம் போகும்போது நல்ல பொருந்தின பி100 மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் இதுக்கு உதவாது.

அடுத்து கேஸ். நாசிலுக்கு நடுவுல லிக்விட், அதச் சுத்தி தூறலாக்குற ஆக்சிஜன், அதச் சுத்தி சின்னதா வளையமா மீத்தேன் ஆக்சிஜன் பைலட் சுடர், வெளிவட்டத்துல உறை ஆக்சிஜன். பைலட்டுக்கு மீத்தேன் நிமிஷத்துக்கு 1.5 லிட்டர், ஆக்சிஜன் 3.2 லிட்டர். ஒரு மீத்தேனுக்கு ரெண்டு ஆக்சிஜன் வேணும், 1.5க்கு 3 போதும், அந்த 0.2 ஓரத்துக்கு. லிக்விட் நிமிஷத்துக்கு 5 மி.லி., தூறல் ஆக்சிஜன் 5 லிட்டர், இதத்தான் அஞ்சுக்கு அஞ்சு தீம்பாங்க. நாசில்ல அழுத்த வித்தியாசம் 1.5 பார் இருக்கிற மாதிரி இடைவெளியத் திருகி வைக்கணும். இது ரன்னுக்கு ரன் மாறுச்சுன்னா உங்க பவுடரும் மாறும், எழுதி வைங்க.

இந்த 5 லிட்டர் ஆக்சிஜன் போதுமான்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன் ஒருநாள். நிமிஷத்துக்கு ரெண்டரை மி.லி. அமிலம் 15.6 மில்லிமோல், ஒவ்வொண்ணுக்கும் 11 ஆக்சிஜன். ரெண்டரை மி.லி. அசிட்டோநைட்ரைல் 48 மில்லிமோல், ஒவ்வொண்ணுக்கும் 2.75. கூட்டினா 300 சொச்சம் மில்லிமோல், அதாவது 7 லிட்டருக்கு மேல. ஆக 5 பத்தாது! மீதிய உறை ஆக்சிஜன் 5 லிட்டரும், சுத்தியிருந்து உள்ள இழுக்கிற காத்தும்தான் ஈடுகட்டுது. அதனால உறைய மிச்சம் பிடிக்கிறேன்னு மூடிடாதீங்க, பவுடர் சாம்பலா கரியோட வரும், அதோட அசிட்டோநைட்ரைல் அரைகுறையா எரிஞ்சா ஹைட்ரஜன் சயனைடு வரலாம், இது பயமுறுத்துறதுக்குச் சொல்லல. எக்ஸாஸ்ட் ஓடாம இந்தத் தீய ஒரு செகண்ட் கூட பத்த வைக்கக் கூடாது.

பத்த வைக்கிற வரிசை. இத ரெண்டு பேரா நின்னு சத்தமா சொல்லிக்கிட்டே பண்ணுங்க, வெக்கப்படாதீங்க. முதல்ல எக்ஸாஸ்ட், ஃபில்டர் தாங்கிக்குக் கூலிங் தண்ணி, வேக்குவம் பம்ப். அதுக்கு முன்னாடியே கண்ணாடி நார் ஃபில்டர எடை போட்டு மாட்டியிருக்கணும், நாசிலுக்கு 60 செ.மீ. மாதிரி மேல. மீத்தேன் லைன்லயும் ஆக்சிஜன் லைன்லயும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர், அதான் தீ குழாய்க்குள்ள திரும்பிப் பாயாமத் தடுக்கிறது, இருக்கான்னு கண்ணால பாத்துக்கோங்க, ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. ஆக்சிஜன் ஃபிட்டிங்ல எண்ணெய், கிரீஸ், கையில பூசின லோஷன் கூடப் படக்கூடாது. அப்புறம் பைலட் சுடரப் பத்த வைங்க, நீலமா பூ மாதிரி வட்டமா நிக்கணும், ஒரு பக்கம் குட்டையா இருந்தா ஒரு ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். பிறகு உறை, தூறல் ஆக்சிஜன். இப்ப நேரா நம்ம சொல்யூஷன விடாதீங்க, ரெண்டு நிமிஷம் வெறும் கரைப்பான் ஓட்டுங்க, தீ சீரா நிக்குதா பாருங்க. சீரா நின்னுச்சுன்னா சத்தம் ஒரே சுருதில இருக்கும், ஸ்டவ் பம்ப் அடிச்சு ஏத்தின மாதிரி ஒரு ஸ்ஸ். அந்தச் சத்தம் காதுல பதிஞ்சிடுச்சுன்னா அப்புறம் மீட்டரப் பாக்காமயே ஏதோ சரியில்லன்னு கண்டுபிடிச்சிடுவீங்க.

சொல்யூஷனுக்கு மாத்தின உடனே தீ வெளுப்பா பளிச்சுனு ஆகும், சிலிக்கா ஒளிர்றது அது. நடுவுல பளீர்னு மஞ்சள் பொறி பறந்தா சோடியம் அழுக்கு, கண்ணாடி பாத்திரத்தச் சரியா கழுவல. 50 மி.லி. பத்து நிமிஷம் ஓடும். அந்த பத்து நிமிஷமும் ஃபில்டர் அழுத்தத்தப் பாத்துக்கிட்டே இருங்க, பவுடர் ஏற ஏற இழுக்கிறது கொறையும், புகை பக்கவாட்டுல தப்பிக்க ஆரம்பிச்சா அது ரூமுக்குள்ள வருதுன்னு அர்த்தம், நிறுத்திடுங்க.

அணைக்கிற வரிசை: சொல்யூஷன நிறுத்தி, வெறும் கரைப்பான் ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி குழாயக் கழுவுங்க, அத நிறுத்துங்க, அப்புறம் மீத்தேன், அது அணைஞ்சதுக்கு அப்புறம் ஆக்சிஜன் ஒவ்வொண்ணா. எக்ஸாஸ்ட் கடைசி, அதுவும் கால் மணி நேரம் கழிச்சு. கழுவாம அணைச்சா நாசிலோட சூட்டுல குழாய்க்குள்ளயே வெள்ளி பூத்துடும், அதக் கம்பியும் எடுக்காது.

ஃபில்டர் நல்லா ஆறட்டும். மொத்தமா ஹூட்டுக்குள்ள கொண்டுபோய், ஸ்பாச்சுலாவால மெதுவா வழிச்சு எடுங்க, அழுத்திச் சுரண்டினா கண்ணாடி நாரும் சேர்ந்து வரும், அத சல்லடையில சலிச்சுக்கலாம். பவுடர் ரொம்ப லேசு, மூச்சு விட்டா பறக்கும், ஒரு கிராமே குப்பி நிறைய நிக்கும். நிறம் மஞ்சளும் பழுப்புமா, நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் நடுவுல எங்கயாவது இருக்கும். வெள்ளையாவே வந்துச்சுன்னா வெள்ளி எங்கயோ பாட்டில்லயே தங்கிடுச்சு. எனக்கு 1.57ல ஒரு கிராம் சொச்சம் கையில வரும், மீதி சுவத்துலயும் ஃபில்டர் நாருக்குள்ளயும் போயிடும்.

அளவு பாக்கிறதுக்கு மூணு வேலை. எக்ஸ்ஆர்டி, அதான் எக்ஸ் கதிர வச்சு படிக அமைப்பப் பாக்குறது, அதுல 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரில சிகரம் இருந்தா உலோக வெள்ளி, 20 டிகிரி பக்கத்துல பெரிய மேடு மாதிரி தெரியிறது சிலிக்கா, அது கண்ணாடி வகை, சிகரம் வராது. சிகரம் எவ்ளோ அகலமோ துகள் அவ்ளோ சின்னது. தண்ணில கொஞ்சம் கலக்கி, எந்த ஒளிய உறிஞ்சுதுன்னு பாக்குற யூவி-விசிபிள்ல வச்சா 400 நானோமீட்டர் பக்கத்துல வெள்ளியோட மேடு வரும். மூணாவது பிஇடி, துகள் மேல வாயு ஒட்டுறத வச்சு பரப்பளவு அளக்கிறது. துகள் விட்டம் கண்டுபிடிக்க 6000த்த அடர்த்தியாலயும் பரப்பாலயும் வகுங்க. வெறும் சிலிக்காவுக்கு அடர்த்தி 2.2, பரப்பு கிராமுக்கு 300 சதுர மீட்டர் வந்தா 9 நானோமீட்டர். ஆனா இது மொத்தக் கலவையோட சராசரி, வெள்ளிப் பொட்டோட அளவு இல்ல, ரிவியூல இத மாத்திச் சொல்லி மாட்டிக்கிட்டவங்கள நேர்ல பாத்திருக்கேன். வெள்ளிப் பொட்டுக்கு டிஇஎம், அதான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் தான், ஒரு படம் பத்தாது, இருநூறு துகளாவது எண்ணுங்க.

பெருசா வந்துச்சா? முதல்ல லிக்விட்ட 3க்கு இறக்குங்க, பத்தலன்னா அடுத்த ரன்ல தூறல் ஆக்சிஜன 8க்கு ஏத்துங்க, தீ குட்டையாகும், துகள் சூட்டுல நிக்கிற நேரம் கொறையும், சின்னதாகும். சின்னதா வந்து பெருசு வேணும்னா தலைகீழ், 8க்கு 3. வெள்ளி சதவீதத்த ஏத்தினாலும் பொட்டு பெருசாகும். இது சும்மா அழகுக்கு இல்ல, பாக்டீரியா கொல்ற வேலைக்கு வெள்ளி எடுத்தா 10 நானோமீட்டருக்குக் கீழ போனதும் துகள் வேலை செய்யிறத விட அதுலேருந்து கசியிற அயனிதான் பெரும்பாலும் வேலை செய்யுதுன்னு 2010ல சோட்டிரியோவும் பிராட்சினிஸும் காமிச்சிருக்காங்க. ஒரு நேரத்துல ஒரு குமிழத்தான் திருகுங்க, ரெண்டையும் சேர்த்துத் திருகிட்டு எது காரணம்னு தெரியாம முழிக்காதீங்க.

மிச்சம் இருக்கிற சொல்யூஷன நாளைக்கு ஆகும்னு எடுத்து வைக்காதீங்க, வெள்ளி மெல்ல இறங்கும், ரெண்டு நாள்ல பாட்டில் சுவரு கறுத்துடும், அதத் திரும்ப எரிச்சு வந்த டேட்டாவ எத்தன பேரு நம்பிட்டாங்களோ. ஹாலஜன் இல்லாத கரைப்பான் கழிவுல, வெள்ளி இருக்குன்னு லேபிள் ஒட்டிக் கொட்டுங்க. பழைய ஃபில்டர சாதாரண குப்பைக் கூடையில போடாம ரெண்டு கவர் போட்டுக் கட்டி நானோ கழிவுல சேருங்க. பவுடர் குப்பிக்கு மேல தேதி, மி.லி., லிட்டர், அழுத்தம், ஃபில்டர் நம்பர் அஞ்சையும் எழுதுங்க, மார்க்கர்ல இல்ல, பென்சில்ல, எத்தனால் பட்டா மார்க்கர் போயிடும். அடுத்த நாள் காலைல வந்ததும் முதல் வேலையா நாசிலக் கழட்டி அந்த 0.4 மி.மீ. குழாய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, வட்டமா ஒரு புள்ளி தெரியணும்.